கையில இன்னா கீது?

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு கேள்விதான். அதுவும் திட்டுகிற குரலில்.

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கிளம்பினேன். கேட்டை ஒட்டிய மதில்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. எல்லோரும் செய்வதுபோல உதட்டைக் குவித்து ‘ப்ச் ப்ச்’ என்று கூப்பிட்டு வைத்தேன். அது குதித்து இறங்கி என் காலடிக்கு வந்தது. நான் பாட்டுக்கு அதைத் தாண்டி நடந்தேன். எதிரே சாக்கை விரித்து மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி கத்தியைக் கீழே வைத்தார்.

"சார், கையில இன்னா கீது?"

"ஒண்ணுமில்லையே."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த கூப்ட்ட?"

"சும்மாதான்."

"சும்மா கூப்டுவியா? உன்ன ஒருத்தன் சாப்ட வான்னு கூப்ட்டுட்டு கதவ சாத்திகினா, சும்மா வூட்டுக்குப் போயிருவியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடிந்ததும் விடியாததுமாக ஒரு பூனை விஷயத்தில் முன்பின் தெரியாதவரிடம் பாட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "கேட்டதுல என்ன தப்பு? நியாயமாத்தானே கேட்டிருக்காங்க" என்றாள். என் மனைவி எப்போதும் அந்தப் பக்கம்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் அவரிடம் மீன் வாங்கியிருக்கிறேன். அவருடைய மூன்று நாய்கள், இரண்டு பூனைகள் எல்லாவற்றின் பெயரும் எனக்கு மனப்பாடம். அவருடைய பெயரைக் கேட்கத் தோன்றவேயில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மீன்காரக்கா. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைவிடக் கூச்சப்பட வேண்டிய விஷயம் பின்னால் வருகிறது, அதனால் இதை இப்படியே விட்டுவிடுகிறேன்.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் அவர் வைத்திருந்ததெல்லாம் ஊர்ப் பெயர்கள். எந்த பஸ் ஸ்டாப்பில் கண்டெடுத்தாரோ அந்த ஸ்டாப்பின் பெயர். பழுப்பு நிறத்தில் கட்டுமஸ்தாக இருந்தது படூர். கறுப்பாக, பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டே நடப்பது தையூர். வெள்ளைப் பெட்டை கோவளம். பூனைகளில் ஒன்று மார்க்கெட்டு, இன்னொன்று டோல்கேட்டு. கேளம்பாக்கம் முனையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘கோவளம் கோவளம் கோவளம்’ என்று ஆள் கூப்பிடுவார்கள் இல்லையா, அதைக் கேட்டுவிட்டு அந்த வெள்ளை நாய் ஓடிப்போய் ஆட்டோ பக்கத்தில் நிற்கும். "எக்கா, உன் ஆளு ஏறிக் குந்திகிச்சி, டிக்கெட்டு யாரு எடுப்பா?" என்று டிரைவர் கத்துவார். "அது எப்பவும் ஓசிதான், ஓட்டுடா" என்பார் இவர்.

விடிவதற்குள் கோவளம் போய் மீன் எடுத்துவந்து மதியம்வரை விற்பார். நாங்கள் மீனை வெட்டி வாங்கும்போது வேண்டாமென்று ஒதுக்கும் தலையையும் குடலையும் ஒரு வாளியில் சேர்த்துக்கொண்டே வருவார். பச்சையாகப் போட மாட்டார். பின்சந்தில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், மஞ்சள் போட்டு வேகவைத்து, சோற்றோடு பிசைந்து, சாயந்திரம் ஐந்து மணிக்கு அந்த மதிலோரம் கொண்டுவருவார். காலையில் மீனை மூடியிருந்த அலுமினியத் தட்டுதான் அப்போது மணி. ஆனால் வந்தவுடன் தட்டிவிட மாட்டார். முதலில் பாத்திரத்தைத் திறந்து ஒரு கை சோற்றை எடுத்துக்கொள்வார். அதன் பிறகுதான் மறுகையில் கத்தியைத் திருப்பிப் பிடித்து, கீழே கவிழ்த்து வைத்த தட்டின் முதுகில் இரண்டு தட்டு. "இந்தா." அவ்வளவுதான். எங்கெங்கோ கிடந்ததெல்லாம் ஓடிவரும்.

கோடையில் இரண்டு மாதம் படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் வரும். அப்போது கருவாடு விற்பார். கழிவு ஏது? டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி நனைத்துப் போடுவார். அப்படி ஒரு சாயந்திரம் நானும் மனைவியும் கேட் பக்கம் நின்றிருந்தோம். அவர் மதிலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பாத்திரமும் இல்லை, பொறையும் இல்லை. நேரம் பார்த்து மூன்று நாயும் வந்து சுற்றி நின்றுவிட்டன. அவர் இரண்டு உள்ளங்கையையும் அவற்றின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கோ. நான் கூப்டல. நீயாதான் வந்த. நாளிக்கி கூப்டுவேன்."

மனைவி மேலே ஓடிப்போய் ரொட்டி எடுத்து வந்தாள். படூர் அவள் கையையே பார்த்துக்கொண்டு எச்சில் ஒழுக நின்றது. அவள் போடப் போனாள். "இரு எம்மா, தட்டிக்கிறேன்" என்று ரொட்டியை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, தட்டை எடுத்து இரண்டு தட்டு தட்டி, "இந்தா" என்று சொன்ன பிறகுதான் போட்டார். நாய்கள் பக்கத்திலேயே நிற்கும்போது எதற்கு இந்தச் சடங்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டும் விட்டேன்.

"தட்னா சோறு சார். அது மாறக் கூடாது. ரோட்டுல தண்ணி லாரி வருது, நடுவுல இது குந்திகினு கீது. நான் தட்றேன். அது வரணுமா இல்லியா? ஒரு நாளு தட்டிட்டு வெறுங்கைய காட்னா, மறுநாளு லாரி வரும்போது அது யோசிக்கும் சார். யோசிக்கிற நேரத்துல ஏத்திட்டுப் பூடுவான்."

அவர் சொன்னது கதையல்ல. அப்படி ஒரு தண்ணீர் லாரிக்கு முன்னாலிருந்து கோவளத்தை அவர் தட்டியே கூப்பிட்டதை எங்கள் செக்யூரிட்டி பார்த்திருக்கிறார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். "எம்மா, இந்தா" என்று என் மனைவியைக் கூப்பிட்டால் அவர் கையில் ஏதாவது இருக்கும். கறிவேப்பிலைக் கொத்து, இரண்டு நெத்திலி அதிகம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிப்பி. சும்மா பேசக் கூப்பிட வேண்டுமென்றால் அவரே எழுந்து வருவார்.

கண்ணில் புரை விழுந்துவிட்டது அவருக்கு. அது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சாயந்திரம் காற்றில் உருண்டுவந்து மதிலோரம் ஒதுங்கிய கறுப்பு பிளாஸ்டிக் கவரைப் பார்த்து, "தையூரு, இந்தா" என்று தட்டிவிட்டார். கவர் வரவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கையிலிருந்த சோற்றை அந்தக் கவருக்குப் பக்கத்திலேயே வைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி சார். கூப்ட்டாச்சி, இன்னா பண்றது?"

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மகள் செங்கல்பட்டில்தான் இருக்கிறாள். ஒரு கண் முதலில், இன்னொன்று சில மாதம் கழித்து. மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அந்த அலுமினியத் தட்டு.

"ஒரு வாரம் பாத்துக்கோ சார். இன்னா துன்னக் குடுத்தாலும் துன்னும். வெறுங்கையோட மட்டும் கூப்டாத."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வீட்டில் என்னைத் தேடி வந்திருக்கிறாரே. என் ஆபீஸும் செங்கல்பட்டில்தான். முதல் நாள் மத்தியானம் பன் வாங்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்துவிட்டுக்கூட வந்தேன். "படூரு துன்னுச்சா?" என்று கண்ணில் கட்டோடு கேட்டார். முதல் மூன்று நாள் ஒழுங்காகச் சோறு வைத்தேன். கத்திக்குப் பதில் கரண்டி. தட்டியதும் மூன்றும் என்னிடம் ஓடிவருவதைப் பார்க்க எனக்கே தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் எங்கள் குடியிருப்புப் பெரியவர் ஒருவரை ஏதோ நாய் துரத்தி, அவர் விழுந்து மணிக்கட்டில் கட்டு. துரத்தியது அடுத்த தெரு நாய். எனக்குத் தெரியும், நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கேட் நாய்கள்தான் துரத்தின என்று பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று உட்கார்ந்திருந்தேன். சங்கத் தலைவர் நாய் பிடிக்கும் ஏதோ தனியார் வண்டியை ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியும் வலையும் மூன்று ஆட்களும் வந்து இறங்கினார்கள்.

நாய்களுக்கு வண்டியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கார்களுக்கு அடியில் புகுந்து, காலி மனைக்குள் ஓடி, அரைமணி நேரம் போக்குக் காட்டின. பால்கனிகளில் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"சார், உங்க கிட்டதான் வருதாமே. கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"அந்த அக்கா ஊர்ல இல்லியே சார்" என்றேன்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தானே சார். நாலு நாள்ல இங்கேயே கொண்டுவந்து விட்டுடுவாங்க. சட்டமே அதுதான். அவங்க வர்றதுக்குள்ள நாயும் வந்துடும்."

அதை நான் நம்பினேனா என்று இன்றைக்கு யோசித்தால், நம்புவது வசதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேலே போனேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அலமாரியிலிருந்து தட்டையும் கரண்டியையும் எடுத்தேன். பக்கத்திலேயே பிஸ்கட் டப்பா இருந்தது. பார்த்தேன். கையை நீட்டினால் போதும். கீழே எல்லோரும் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று மட்டும்தான் தோன்றியது. எடுக்கவில்லை.

மதிலோரம் நின்று இரண்டு தட்டு தட்டினேன். "இந்தா."

கோவளம் முதலில் வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. பின்னாலேயே தையூர், காலைத் தூக்கித் தூக்கி. அடுத்து படூர். மூன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தன. கையில் ஒன்றுமில்லை. வலை விழுந்தது. கோவளமும் தையூரும் அகப்பட்டன. படூர் துள்ளி விலகித் தெருமுனைவரை ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது.

"சார், இன்னொரு தடவ தட்டுங்க" என்றான் வலைக்காரன்.

தட்டினேன். அது வந்தது. தயங்கித் தயங்கி வந்தது, ஆனால் வந்தது.

முதல் தடவை தட்டியதை அவசரம், அசட்டுத்தனம் என்று ஏதாவது சொல்லி மழுப்பிக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. மதில்மேல் டோல்கேட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் என் தோளைத் தட்டி "சூப்பர் சார்" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மருத்துவமனைப் பக்கமோ மகள் வீட்டுப் பக்கமோ நான் போகவில்லை. ஆபீஸிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடம் எனக்கு எந்த நாளும் கிடைக்கவில்லை.

அவர் திரும்பி வந்தார், பெரிய கறுப்புக் கண்ணாடியோடு. அன்று சாயந்திரமே பாத்திரத்தோடு வந்து தட்டினார். மார்க்கெட்டு மட்டும் வந்தது. டோல்கேட்டு மதிலைவிட்டு இறங்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. வண்டி வந்தது, பிடித்துக்கொண்டு போனார்கள், ஆபரேஷன் பண்ணிக் கொண்டுவந்து விடுவார்கள், அவ்வளவுதான் சொன்னேன்.

"வலையப் போட்டு இஸ்துகினு போயிருப்பானுங்கோ. பாவம், பயந்துகினு கீதுங்களோ இன்னாவோ" என்றார். நான் தலையாட்டினேன்.

நாலு நாள் எட்டு நாளாயிற்று. தலைவரைத் துளைத்தெடுத்து நம்பர் வாங்கிப் பேசினேன். "அதுங்களா? கடப்பாக்கம் சைடு வுட்டாச்சி சார். மீனு ஊரு, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்ல" என்றான் வண்டிக்காரன், நாய்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன்போல. தலைவரிடம் சொன்னேன். "நல்ல இடம்தான் சார்" என்றார் அவரும்.

இந்த ஒன்றையாவது செய்வோம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோவளம் போய் அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ். மடியில் சோற்றுப் பாத்திரம், அதன்மேல் தட்டும் கத்தியும். பேத்தியைப் பார்க்கப் போகிறவர்போல வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கோவளம் கண்டதைத் தின்னும், பிழைத்துக்கொள்ளும், தையூர்தான் சண்டை போடத் தெரியாதது என்றார். "படூரப் பத்தி கவலயே இல்ல சார். எங்க இருந்தாலும் நான் தட்னா வந்துரும்."

கடப்பாக்கத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் நடந்தோம். இடிந்த மதிலுக்குக் கீழே படகுகள், உலர்த்திய வலைகள். விசாரித்துக்கொண்டே போனதில், புதிதாக ஒரு பழுப்பு நாய் சுற்றுகிறது என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கை காட்டினார். பார்த்தேன். ஐம்பதடி தள்ளி ஒரு படகின் நிழலில் படூர் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"அதோ இருக்குக்கா" என்றேன்.

அவர் அவசரப்படவில்லை. தட்டைப் பக்கத்திலிருந்த ஒரு படகின்மேல் கவிழ்த்து வைத்தார். பாத்திரத்தைத் திறந்தார். ஒரு கை சோறு எடுத்தார். கத்தியைத் திருப்பிப் பிடித்தார். முதல் தட்டுக்கு அதன் காது நிமிர்ந்தது. எழுந்து நின்றது. இரண்டாவது தட்டு விழுந்ததும் உடம்பைத் தாழ்த்தி, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கோட்டை மதிலைச் சுற்றிக் கழிமுகத்துப் பக்கம் போய் மறைந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், படூரா அது?"

ஆபரேஷன் ஆன கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. இல்லை, வேறு நாய் என்று சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றேன்.

"ஏன் சார் ஓடுது?"

அவர் ஒரு கையில் சோற்றோடு நின்றபடி படகின்மேல் கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தட்டுக்கு ஓடுது" என்றார். பிறகு, "யாரு சார் தட்னது?"

"நான்தான்."

கடற்காற்றில் அவர் புடவைத் தலைப்பு பறந்துகொண்டிருந்தது. அடிப்பார், காறித் துப்புவார், இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அதில் எதைச் செய்திருந்தாலும் எனக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

"கையில இன்னா வெச்சினு இருந்த?"

"பிஸ்கட்" என்றேன்.

"எல்லாத்துக்கும் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"துன்னுச்சிங்களா?"

"ம்."

அவர் மூச்சை விட்டார். அந்த முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப செரி. நீ இன்னா பண்ணுவ சார். நாலு நாள்ல வுட்ருவான்னு நம்பித் தட்டிக்கிற. உன்னியும் சேத்து ஏமாத்திட்டான்."

படகு நிழலில் சோற்றை மூன்று பங்காக வைத்தார். தட்டவில்லை. வந்த வழியே திரும்பினோம். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சார், இந்தா" என்றார். திரும்பினேன். உள்ளங்கையில் வேர்க்கடலை. வாங்கித் தின்றேன். அதையும் தின்றேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கோவளமும் தையூரும் கண்ணில் படவேயில்லை. படூர் தூரத்தில் நிற்கும், கிட்டே வராது, அவர் போன பிறகு வந்து தின்னும் என்று அன்று கை காட்டிய மீனவர் சொன்னாராம். அதுவே போதும் என்றார்.

அடுத்த கண் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு. என் மனைவிதான் கதவைத் திறந்தாள். கடப்பாக்கத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது, தட்டியது நான் என்பது மட்டும் தெரியும். அதற்கே ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"இவர்கிட்டயா மறுபடி குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"வேற யார்கிட்ட எம்மா குடுக்கறது? அந்த எடத்துல வேற ஒருத்தனா இருந்தா வெறுங்கையோட தட்டி இருப்பான். சாரு பிஸ்கட்டாச்சும் குடுத்தாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இனிமேல் மீன்கூடை தூக்க வேண்டாமென்று மகள் தன்னோடு வைத்துக்கொண்டுவிட்டாள். மூன்று வருடமாகிறது. தெரு தெரியும், வீடு தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் ‘பிஸ்கட் இல்லக்கா, வெறுங்கைதான்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். தினமும் அந்தத் தெருமுனைவரை போகிற பஸ்ஸில்தான் போகிறேன்.

தட்டு எங்கள் சமையலறை அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயந்திரம் ஐந்து மணிக்கு மார்க்கெட்டும் டோல்கேட்டும் மதிலுக்கு வந்துவிடும். மஞ்சள் போட்டு வேகவைத்த மீனும் சோறும் தவறாமல் கொண்டுபோய் வைக்கிறேன். கையில் மீன் இருக்கும்போதும் தட்டுவதில்லை. மார்க்கெட்டு உடனே வந்துவிடும். டோல்கேட்டு மதில்மேல் உட்கார்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போன பிறகுதான் இறங்கும்.